தடைக்கால யாழ்ப்பாணத்தில் கைவேலைக் கருவிகள் (1990–1995)

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் தொடங்கியது. அன்று முதல் 1995 இன் இறுதிவரை யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமும் எரிபொருளும் மின்கலமும் இல்லாத ஒரு நிலப்பகுதியாக இருந்தது. பல இலட்சம் மக்கள் அங்கே வாழ்ந்தனர். பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகமும் நீதிமன்றமும் சந்தையும் தொடர்ந்து இயங்கின. விளக்கு, வானொலி, வண்டி, நீரிறைப்பு ஆகிய அன்றாடத் தேவைகளைக் கடைப்பொருள்களால் நிறைவேற்ற முடியாத நிலையில் மக்கள் அவற்றுக்கான கருவிகளைக் கைக்குக் கிடைத்த பழம்பொருள்களைக் கொண்டு தாங்களே செய்துகொண்டனர். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் இயங்கிய வானொலி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் காரும் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இக்கட்டுரை அவற்றின் பின்னணியையும் அவை இயங்கிய விதத்தையும் கூறுகிறது.

தடையும் தட்டுப்பாடும்

அக்காலத்தில் யாழ்ப்பாணம் தென்னிலங்கையுடன் முக்கியமாக ஆனையிறவு என்ற ஒடுங்கிய நிலப்பாதையினாலேயே இணைந்திருந்தது. தெற்கிலிருந்து வந்த ஏ9 வீதியும் புகையிரதப் பாதையும் அதன் வழியாகவே சென்றன. 1990 ஜூன் 13 ஆம் திகதியுடன் யாழ்தேவிப் புகையிரதம் குடாநாட்டுக்கு வருவது நின்றது. ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்தமையால் வீதியும் மூடப்பட்டது. சிறிது காலம் பூநகரி, சங்குப்பிட்டி வழியாகப் பயணம் நடந்தது. 1991 இன் இறுதியில் பூநகரியில் இராணுவம் முகாம் அமைத்தபின் அதுவும் இல்லாமற் போயிற்று. எஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி. இரவில் வள்ளங்களில் அதைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது. 1993 சனவரியில் உட்பட, கடற்படையின் தாக்குதல்களில் பயணிகள் பலர் அங்கே உயிரிழந்தனர். குடாநாட்டில் ஒரு போத்தல் எண்ணெயின் பெறுமதி என்ன என்பதை இந்தக் கடல்வழியை நினைவில் வைத்தே கணிக்க வேண்டும்.

அரசாங்கம் வடக்குக்குக் கொண்டுசெல்லக் கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. பெற்றோல், டீசல், மின்கலங்கள், சீமெந்து, இரும்பு, உரம், மின்சாதனங்கள் ஆகியவை போருக்குப் பயன்படக்கூடியவை எனக் கருதப்பட்டுத் தடுக்கப்பட்டன. பட்டியல் காலத்துக்குக் காலம் மாறியது. சவர்க்காரம், மெழுகுதிரி, சைக்கிள் உதிரிப்பாகம் போன்ற சாதாரணப் பொருள்களுக்கும் அவ்வப்போது கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டுடன் சிறிதளவு வந்தது. அதன் விலை தென்னிலங்கை விலையின் பல மடங்காக இருந்தது. விலையேற்றத்துக்குத் தடை மட்டும் காரணமன்று. குடாநாட்டைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த தமிழீழ விடுதலைப் புலிகள் உள்ளே வந்த பொருள்களுக்கு வரி விதித்தனர். பதுக்கி வைத்து விற்ற வணிகர்களும் இருந்தனர்.

இக்காலத்தின் விசித்திரமான அம்சம் ஒன்று உண்டு. குடாநாட்டைத் தடைக்குள் வைத்திருந்த அரசாங்கமே அங்கிருந்த ஆசிரியர்களுக்கும் அரச ஊழியர்களுக்கும் சம்பளம் அனுப்பியது. கச்சேரி இயங்கியது. உணவுப்பொருள்கள் கப்பலில் வந்தன. க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளும் நடைபெற்றன. கொழும்பு மாணவன் மின்விளக்கில் படித்து எழுதிய அதே வினாத்தாளை யாழ்ப்பாண மாணவனும் எழுத வேண்டியிருந்தது. விளக்கு என்பது இதனால் வெறும் வெளிச்சத்துக்கான பொருளாக இருக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியே அதில் தங்கியிருந்தது.

ஜாம் போத்தல் விளக்கு

மின்சாரம் நின்றபோது வீடுகளில் அரிக்கன் லாம்புகளும் சிமினி விளக்குகளும் இருந்தன. இவற்றின் திரி பட்டையானது, ஆகவே எண்ணெயைக் கூடுதலாகக் குடிப்பது. கண்ணாடிச் சிமினி உடைந்தால் மாற்றுச் சிமினி வாங்க இயலாது. சிறிய போத்தலின் மூடியில் துளையிட்டுத் திரி செருகிய குப்பி விளக்கு எண்ணெயைச் சேமிக்கும். ஆனால் அதன் சுடர் திறந்த வெளியில் எரிவதால் காற்றில் அணையும், புகை கக்கும், சரிந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும்.

ஜாம் போத்தல் விளக்கு இக்குறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக அமைந்தது. அகன்ற வாயுடைய வெறும் கண்ணாடிப் போத்தல் ஒன்றின் அடியில் சிறிது பஞ்சு வைக்கப்பட்டது. பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடப்பட்டது. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டியெடுத்த வால்வுக் குழாய் அல்லது தகரத்தைச் சுருட்டிச் செய்த மெல்லிய குழல் ஒன்றுக்குள் நூல்திரி செருகப்பட்டது. குழலைக் கம்பியொன்று போத்தலின் நடுவில் நிமிர்த்திப் பிடித்தது. திரியின் கீழ்முனை பஞ்சைத் தொட்டது, மேல்முனையில் சுடர் போத்தலுக்குள்ளேயே எரிந்தது.

சுடர் உள்ளே எரிவதால் போத்தலே சிமினியாகிவிடுகிறது. சூடான காற்று வாயின் நடுப்பகுதியால் மேலெழ, குளிர்ந்த காற்று கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கீழிறங்கிச் சுடருக்கு ஒட்சிசனைக் கொடுக்கிறது. போத்தலின் வாய் ஒடுங்கியிருந்தால் இந்த இருவழி ஓட்டம் நடக்காது, சுடர் மூச்சடைத்து அணைந்துவிடும். ஜாம் போத்தல் பொருந்தியதற்கும் சோடாப் போத்தல் பொருந்தாததற்கும் காரணம் இதுவே. நூல்திரி மெல்லியது என்பதால் எண்ணெய் மிகச் சிறிதளவே மேலேறும். பஞ்சு எண்ணெயைப் பிடித்துவைத்திருப்பதால் விளக்குச் சரிந்தாலும் எண்ணெய் ஓடிப் பரவாது. செய்வதற்குக் காசு தேவைப்படவில்லை. பத்து வயதுப் பிள்ளையும் பார்த்துச் செய்யக்கூடியதாக இருந்தமையே அது வீட்டுக்கு வீடு பரவக் காரணம்.

அதன் வெளிச்சம் ஒரு மெழுகுதிரியின் வெளிச்சத்துக்கும் குறைவானது. புத்தகத்தை விளக்குக்கு மிக அருகில் வைத்தே படிக்க முடிந்தது. புகையின் கரி மூக்கில் படிந்தது. கண்ணாடியைத் தினமும் சாம்பலால் துலக்காவிட்டால் மறுநாள் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. ஒரு விளக்கைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் இருந்து படித்தபோது யாருடைய நிழல் யாருடைய கொப்பியில் விழுகிறது என்பதே பெரிய வழக்காக இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் உயர்தரம் சித்தியடைந்து மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆனவர்கள் இன்று உலகின் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். தடைக்கால நினைவுகளை எழுதுவோர் பெரும்பாலும் இந்த விளக்கிலிருந்தே தொடங்குவதில் வியப்பில்லை.

இதே காலத்தில் இலங்கையின் தெற்கிலும் இன்னொருவர் போத்தல் விளக்கைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து எரிகாயமுற்று வந்த நோயாளிகளைக் கண்டு, பாதுகாப்பான போத்தல் விளக்கு ஒன்றை வடிவமைத்தார். குள்ளமான, கனத்த, இரு பக்கங்களும் தட்டையான கண்ணாடிப் போத்தலும் திருகிப் பூட்டும் உலோக மூடியும் அதன் சிறப்பு. விழுந்தாலும் உருளாது, மூடி கழன்று எண்ணெய் கொட்டாது. கழிவுக் கண்ணாடியைக் கொண்டு மலிவாக உற்பத்தி செய்யப்பட்ட இவ்விளக்குக்காக அவருக்கு 1998 இல் றோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. தெற்கில் வறுமையும் வடக்கில் தடையும் ஒரே பிரச்சினையை முன்வைத்தன. ஒன்றுக்கு வடிவமைப்பாளரின் பெயர் உண்டு. மற்றையதற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

சைக்கிளில் இருந்து வானொலி

போர்க்காலத்தில் செய்தி என்பது உணவுக்கு அடுத்த தேவை. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்குமா என்பவற்றை அறிய மக்கள் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியையும் இந்திய வானொலியையும் நம்பியிருந்தனர். 1990 நவம்பரில் தொடங்கப்பட்ட புலிகளின் குரலும் இருந்தது. வானொலிப் பெட்டி அனேகமாக எல்லா வீடுகளிலும் இருந்தது. மின்கலம்தான் இல்லை.

முதலில் பழைய மின்கலங்களுக்கு உயிர் கொடுக்கும் முயற்சிகள் நடந்தன. தீர்ந்துபோன மின்கலத்தை வெயிலில் காயவைப்பது, ஆணியால் துளையிட்டு உப்புநீர் விடுவது ஆகியவை ஊரறிந்த வைத்தியங்கள். இவற்றில் பொருள் இல்லாமலில்லை. உலர்மின்கலத்தின் உள்ளே இருக்கும் பசை காய்ந்துவிட்டால் மின்னேற்றங்கள் நகர முடியாது. உப்புநீர் அந்த ஈரத்தை ஓரளவு மீட்கிறது. வெப்பம் இரசாயனத் தாக்கத்தைச் சற்று விரைவாக்குகிறது. ஆயினும் நாகச் சுவர் கரைந்து முடிந்த மின்கலத்தை எந்த வைத்தியமும் மீட்காது. ரோர்ச் லைற்றுக்கு உதவாத மின்கலங்கள் பலவற்றைக் குழாய் ஒன்றுக்குள் வரிசையாக அடுக்கி வானொலிக்குக் கொடுப்பது இன்னொரு வழி. வலுவிழந்த ஆறேழு மின்கலங்கள் சேர்ந்து நல்ல நான்கின் வேலையைச் சிறிது நேரம் செய்யும்.

நிலையான தீர்வு சைக்கிளில் இருந்தது. அன்றைய சைக்கிள்களில் முன்விளக்குக்கு மின் கொடுக்கும் போத்தல் வடிவ டைனமோ பூட்டப்பட்டிருந்தது. ரயரின் பக்கத்தில் உராய்ந்து சுழலும் அதன் வெளியீடு 6 வோல்ற்று, 3 வாற்று. நான்கு மின்கல வானொலி ஒன்றுக்குத் தேவையானதும் அதே 6 வோல்ற்று. இந்தப் பொருத்தத்தைக் கண்டுகொண்டதும் பாதி வேலை முடிந்துவிட்டது.

மீதிப் பாதியில்தான் நுட்பம். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இரண்டையும் நேரே தொடுத்தால் பெட்டி உறுமும் அல்லது பழுதாகும். உடைந்த வானொலிகளிலிருந்தும் கசற் றெக்கோடர்களிலிருந்தும் கழற்றிய நான்கு டயோட்டுகளைப் பாலமாக இணைத்து ஓட்டத்தை ஒருதிசையாக்கினர். பின்னால் ஒரு கொள்ளளவி சேர்க்கப்பட்டால் ஏற்ற இறக்கம் தணிந்து இரைச்சல் குறையும். உயர்தர பௌதிகவியல் பாடத்தில் கரும்பலகையில் மட்டும் இருந்த சீராக்கிச் சுற்று இப்படி முற்றத்துக்கு வந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மின்சாரம் இல்லாததால் செய்முறை நடக்காத காலத்தில், பல மாணவர்கள் முதன்முதலாக வேலைசெய்யும் சீராக்கியைக் கண்டது வீட்டுச் சைக்கிளின் அருகில்தான் எனலாம்.

செய்தி நேரம் நெருங்கியதும் சைக்கிள் தலைகீழாக நிறுத்தப்படும், அல்லது பின்சில்லு நிலத்தில் தொடாதபடி ஸ்ராண்டில் ஏற்றப்படும். ஒருவர் பெடலைச் சுற்றுவார், பெரும்பாலும் வீட்டுப் பையன். அயலவர் சுற்றி நின்று கேட்பர். இதற்குப் பெரிய உடல்வலு தேவையில்லை. மனிதன் ஒருவன் அலுக்காமல் 50 வாற்றுக்கு மேல் மிதிக்க முடியும், வானொலிக்கோ ஒரு வாற்றும் வேண்டியதில்லை. கடினமானது சீராகச் சுற்றுவது. மெதுவானால் குரல் அடங்கும். வேகம் கூடினால் டைனமோவின் மின்னழுத்தம் ஏறி வானொலியைச் சுட்டுவிடும். முக்கியமான செய்தி வரும்போது சுற்றுபவன் தன்னை மறந்து கையை நிறுத்திவிட, எல்லோரும் அவனை ஏசுவது அந்நாளைய வழமையான காட்சி.

மண்ணெண்ணெயில் ஓடிய எந்திரங்கள்

பெற்றோல் எந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டியது தடைக்காலக் கைவேலைகளுள் தொழினுட்ப வகையில் மிகச் சிக்கலானது. பெற்றோல் உறைநிலைக்குப் பல பாகை கீழேயும் தீப்பற்றும் ஆவியைத் தரும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று. 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேரும். ஆகவே குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளிகளாகவே சிலிண்டருக்குள் நுழையும், பொறி பட்டாலும் பற்றாது. எந்திரம் ஒருமுறை சூடாகிவிட்டால் ஓடும். எனவே சிக்கல் தொடங்குவதில் இருந்தது.

தீர்வு எளியது. சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றிலோ ஊசிமருந்துச் சிரிஞ்சிலோ சிறிதளவு பெற்றோல் வைத்திருப்பர். காபரேற்றருக்குள் சில துளிகள் பீய்ச்சி எந்திரத்தைத் தொடக்குவர். பெற்றோல் எரிந்து முடிவதற்குள் எந்திரம் சூடேறித் தாங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஒரு போத்தல் பெற்றோல் இப்படி மாதக்கணக்கில் பயன்பட்டது. வழியில் எந்திரம் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் துளி பெற்றோல் வேண்டும். ஆகவே கடையில் இறங்கிப் பொருள் வாங்குபவர் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் விட்டுச் செல்வதுண்டு. எரிபொருள் பஞ்சத்தில் எரிபொருளை வீணாக்குவதுபோலத் தோன்றினாலும், பெற்றோலைச் சேமிப்பதற்காகவே மண்ணெண்ணெய் எரிக்கப்பட்டது.

அடுத்த சிக்கல் அடித்தல், அதாவது பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேர முன்னரே எரிபொருள் அமுக்கத்தினால் தானாக வெடிப்பது. பெற்றோலின் ஒக்ரேன் எண் 90 அளவில் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு அதில் பாதியும் இல்லை. அமுக்கவிகிதம் கூடிய எந்திரத்தில் அது சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலியுடன் வெடித்து முசலத்தைச் சிதைக்கும். கராஜ்காரர் சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையில் மேலதிக காஸ்கற் ஒன்றை வைத்து அமுக்கவிகிதத்தைக் குறைத்தனர், பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினர்.

இங்கேதான் யாழ்ப்பாணத்தின் பழைய கார்களுக்கு ஒரு புதிய வாழ்வு கிடைத்தது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற 1950களின் பிரித்தானியக் கார்கள் குடாநாட்டில் வாடகை வண்டிகளாக ஏராளமாக ஓடின. 1970–77 காலத்தில் அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தமையால், இருக்கும் காரைத் திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இந்தக் கார்களின் அமுக்கவிகிதம் ஏறக்குறைய 7:1 மட்டுமே. இவற்றில் எரிபொருட் கலவை உள்ளே செல்லும் குழாயும் சூடான புகை வெளியேறும் குழாயும் எந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தன. புகையின் வெப்பம் உள்வரும் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. புதிய, திறன்மிக்க கார்கள் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடக்க, நாற்பது வயதான ஏ40 வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நோயாளியை ஏற்றிச் சென்றது. மோட்டார் சைக்கிள்களிலும் இதே கதைதான். ஹொண்டா 50, 90 வகைச் சிறிய நான்கடிப்பு எந்திரங்களே கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? வெறும் பரிசோதனையிலிருந்து என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாண விவசாயிகளின் நீரிறைக்கும் எந்திரங்கள் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டவை. பழைய போர்ட்சன், பேர்குசன் உழவு எந்திரங்களிலும் அவ்வகை இருந்தது. 1970களில் இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது அந்தப் பணத்தில் நீரிறைக்கும் எந்திரங்கள் கிராமமெங்கும் பரவின. அவற்றைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. தோட்டத்துக் கிணற்றடியில் தெரிந்துகொண்டதை அவர்கள் வீதிக்குக் கொண்டுவந்தனர்.

டீசல் எந்திரங்களில் நிலைமை வேறு. அவற்றில் எரிபொருளே பம்பியின் உராய்வைத் தணிக்கும் எண்ணெயாகவும் இருப்பதால் தனி மண்ணெண்ணெய் பம்பியைத் தேய்த்துவிடும். ஆகவே தாவர எண்ணெய் கலந்து ஓட்டினர். எப்படி ஓட்டினாலும் எந்திரத்துக்குச் சேதமே. எரியாத மண்ணெண்ணெய் முசலத்தைத் தாண்டி அடியில் இறங்கி உராய்வு எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. புளக்குகளில் கரி படிந்தது, அவற்றைக் கழற்றி மட்டத்தாளால் தேய்ப்பது அன்றாட வேலையாயிற்று. வீதிகளில் மண்ணெண்ணெய்ப் புகையின் நெடி நிரந்தரமாகத் தங்கியது.

துலாவும் பனையும் பதுங்குகுழியும்

மண்ணெண்ணெயை வண்டிக்கும் விளக்குக்கும் கொடுத்தபின் வயலுக்கு மிஞ்சுவது சொற்பம். மழைக்காலம் தவிர்ந்த நாள்களில் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்கள் முற்றிலும் கிணற்றை நம்பியவை. எந்திரம் ஓய்ந்த இடங்களில் துலா திரும்பி வந்தது. நீண்ட மரமொன்றைக் கம்பத்தில் ஊஞ்சல்போலப் பொருத்தி, அதன் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பனையோலைப் பட்டையில் நீர் அள்ளி ஊற்றுவது பழைய முறை. ஒரு தலைமுறைக்கு முன் கைவிடப்பட்ட தொழிலை முதியோர் இளையோருக்கு மறுபடியும் கற்பித்தனர். துலாவில் நடப்பதற்குத் துணிவும் சமநிலையும் வேண்டும். மிதிப்பவரும் பட்டை பிடிப்பவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். எந்திரம் ஒரு மணி நேரத்தில் இறைத்ததை இரண்டு மூன்று பேர் நாள் முழுதும் இறைக்க வேண்டியிருந்ததால் பயிர்ப்பரப்பு சுருங்கியது.

சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தின் களியைத் துணி துவைக்கப் பயன்படுத்தினர். இதுவும் புதுமையன்று, பாட்டிமார் அறிந்த வழிதான். பழைய ரயர்கள் செருப்பாயின. சைக்கிளின் பின்புறத்தில் இரும்புச் சட்டம் பொருத்தி விறகும் வெங்காய மூடையும் ஆள்களும் ஏற்றப்பட்டனர். அக்காலக் குடாநாட்டின் லொறியும் பேருந்தும் நோயாளர் வண்டியும் பெரும்பாலும் சைக்கிளே.

சீமெந்து தடுக்கப்பட்டிருந்தமையால் வீட்டு முற்றத்துப் பதுங்குகுழிகளும் கைவேலையாகவே அமைந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை குடாநாட்டுக்குள்ளேயே இருந்தும் 1990 இல் அதுவும் மூடப்பட்டிருந்தது. நிலத்தைத் தோண்டி, மேலே தென்னை அல்லது பனங்குற்றிகளை நெருக்கமாக அடுக்கி, மண்மூடைகளால் மூடினர். சாக்கு கிடைக்காதபோது பழைய சேலைகள் மூடைகளாயின. குழி நேராக இல்லாமல் ‘ட’ எழுத்தைப்போல மடங்கியிருந்தது. வாசலருகில் குண்டு வெடித்தால் சிதறும் துண்டுகள் நேர்கோட்டிலேயே பாயும், மூலையில் திரும்பமாட்டா. கட்டடக்கலை படிக்காதவர்களுக்கும் இந்த வடிவம் தெரிந்திருந்தது. ஓடாத புகையிரதத்தின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காலப்போக்கில் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பயன்பட்டன.

மதிப்பீடு

தடைக்காலக் கைவேலைகளைப் பற்றிப் பேசும்போது அவற்றை ‘யாழ்ப்பாணத்து மூளை’யின் வெற்றியாகப் புகழும் போக்கு ஒன்று உண்டு. பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜாம் போத்தல் விளக்கு நல்ல விளக்கு அன்று, வேறு விளக்கு இல்லாதபோது எரிந்த விளக்கு. சைக்கிளில் கட்டிக் கொண்டுசெல்லப்பட்ட கர்ப்பிணி நேரத்துக்கு மருத்துவமனை சேராமலும் போனதுண்டு. யாழ் போதனா மருத்துவமனை 1990 நவம்பர் முதல் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இயங்கியபோதிலும் அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. தடுக்கப்பட்ட மருந்தையும் பசளையையும் எவராலும் கையால் செய்துகொள்ள முடியவில்லை. கைவேலை தீர்த்துவைத்த தேவைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அந்த ஐந்து ஆண்டுகளின் கணக்குப் பொய்யாகிவிடும்.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் கிடைக்கவும் இல்லை. மண்ணெண்ணெய் வாங்கக்கூடியவர் மோட்டார் சைக்கிளில் போனார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்தனர். கூலித்தொழிலாளியின் வீட்டில் ஜாம் போத்தலுக்குள் விடவும் எண்ணெய் இருக்கவில்லை, ஏனெனில் ஜாம் வாங்கிய வீட்டில்தான் ஜாம் போத்தலும் இருக்கும்.

பிற்காலம்

1995 இன் தொடக்கத்தில் நடந்த பேச்சுவார்த்தைக் காலத்தில் தடை சற்றுத் தளர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் போர் மீண்டது. அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது அவர்களின் உடைமைகளைச் சுமந்ததும் சைக்கிளே. டிசம்பரில் இராணுவம் யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றியது. மக்கள் திரும்பிவந்தபின் பொருள்கள் கப்பலில் வரத்தொடங்கின, டீசல் மின்பிறப்பாக்கிகளால் மின்சாரமும் பகுதி பகுதியாகக் கிடைத்தது. தடையின் சுமை வன்னிக்கு மாறியது. ஜாம் போத்தல் விளக்கும் அதனுடன் வன்னிக்குச் சென்றது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது, தென்னிலங்கைப் பொருள்கள் வெள்ளம்போல வந்தன. புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்ததும் மண்ணெண்ணெய் எந்திரங்கள் கழற்றி எறியப்பட்டன. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டபோது பலர் பழைய போத்தல்களைத் தேடியெடுத்தனர். குடாநாடு தேசிய மின்வலையுடன் மீண்டும் இணைந்தது 2009 இல் போர் முடிந்த பின்னரே. யாழ்தேவி 2014 அக்டோபர் 13 இல் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியது, பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்களின் இடத்தில் புதியவை போடப்பட்ட பாதையில்.

2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, எரிபொருள் நிலையங்களின் முன் வாகனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. கொழும்பிலும் சைக்கிளின் விலை ஏறியது. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சைக்கிள்கள் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன. அவற்றுள் சிலவற்றின் முன்கவரில் பழைய டைனமோ இன்னும் இருந்தது.